பச்சைக் கோடும் என் கழுத்தும்

போலந்துக்கு வந்தபின், மதியமானால் யாராவது ஒரு பிள்ளை என் கழுத்தை அமுக்கிவிட்டு "போலி?" என்று கேட்கும். முதல் நாள் எனக்குச் சிரிப்பு வந்தது. கடம்பூர் போளி இங்கே எப்படி என்று நினைத்து, சரி கொடு என்று தலையை ஆட்டினேன். அந்தப் பிள்ளை பதறிப்போய்க் கையை எடுத்துவிட்டது. அறைக்கு வந்து சொன்னேன். கூடத் தங்கியிருக்கும் கயத்தாறு சாகுல் அண்ணாச்சி விழுந்து விழுந்து சிரித்தார். "ஏலே, அவிய ஒனக்குப் போளியா தாராவ? வலிக்கான்னு கேக்காவ. வலிக்கலன்னா நியெ போலின்னு சொல்லு."

நான் புதூர்ப் பக்கம். எட்டாவதோடு நின்றவன். இங்கே பிசியோதெரபி படிக்கும் கல்லூரியில் தரை துடைக்கிறேன். பிள்ளைகள் கை பழக ஓர் ஆள் படுக்க வேண்டும் என்றார்கள். படுத்தேன். படுப்பதற்கு முன், கழுத்தின் இடப்பக்கத்தைத் தொட்டுக் காட்டி முகத்தைச் சுளித்தேன். கரிசல் ஈரத்தில் மக்காச்சோள மூட்டையோடு வழுக்கி விழுந்த கழுத்து அது. அந்தப் பக்கம் முழுசாகத் திரும்பாது. வாத்தியார் "டோப்ஜே" என்றார். நல்லது என்று அர்த்தம். என்ன நல்லதோ.

மாணவியின் கையில் ஒரு சென்சார், என் கழுத்தில் ஒன்று. கை எவ்வளவு தூரம் போகிறது, எவ்வளவு வேகம் என்று திரையில் கோடு ஓடும். வாத்தியார் முன்பே போட்டுவைத்த கோடு பக்கத்தில் நிற்கும். இரண்டும் ஒட்டினால் பச்சை. விலகினால் சிவப்பு. படிக்க நல்ல வழிதான், குறை சொல்லவில்லை. ஆனால் வாத்தியார் கோடு போட்டது வேறொருவர் கழுத்தில்.

கோவில்பட்டியில் எனக்கு முடிவெட்டும் சலூன்காரரும் கழுத்தில் நெட்டி எடுப்பார். அது சரியான முறை என்று சொல்ல வரவில்லை. பயந்துகொண்டேதான் உட்காருவேன். ஆனால் கண்ணாடியில் என் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டேதான் திருப்புவார். நான் கண்ணைச் சுருக்கினால் கையை விட்டுவிடுவார். "அண்ணாச்சிக்குக் கழுத்து இன்னைக்குக் கோவமா இருக்கு" என்பார்.

போன வாரம் மார்த்தா என்ற பிள்ளைக்குப் பரீட்சை. என் தலையை இடப்பக்கம் திருப்பியது. "போலி?" என்றது, கண் திரையில். வலிக்கிறது என்பதால் நானும் "போலி" என்றேன். கை நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம் திருப்பியது. கோடு பச்சையாகியது. சத்தமாக "போலி" என்றேன். வாத்தியார் வந்தார். என்னைப் பார்க்கவில்லை. திரையைக் காட்டி "டோப்ஜே, டோப்ஜே" என்றார். பொய் சொல்கிறாய் என்று திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். திட்டவாவது என் முகத்தைப் பார்த்திருப்பார்.

எழுந்தேன். சென்சாரைப் பிய்த்து மார்த்தாவின் கையில் வைத்தேன். திரை முழுக்கச் சிவப்பு. அப்போதுதான் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மார்த்தா அழுதது, பரீட்சை போச்சு என்று. அதற்கு நான் என்ன செய்ய? அந்தப் பிள்ளைக்கு மறு பரீட்சை உண்டு. எனக்கு மறு கழுத்து உண்டா? வெளிநாடு வந்து இப்படிப் படுக்கிற ஆட்களே, பதிலைக் கேட்காதவர்கள் கேள்வியும் கேட்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

மறுநாள் வேறோர் ஆள் படுத்திருந்தான். நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டேன். குனிந்தால் விண்ணென்று தெறித்தது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரி வீடியோவில் வந்தாள். கடம்பூர் போயிருந்தாளாம், கையில் போளி. செல்போனுக்கு நேரே நீட்டிக் காட்டினாள். பிறகு என்னையே உற்றுப் பார்த்தாள்.

"என்ன, கழுத்தப் புடிச்சுக்கிட்டே பேசுதீய? வலிக்கா?"

கேட்டவள் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் வலிக்கவில்லை என்பதற்குச் சாகுல் அண்ணாச்சி சொல்லிக்கொடுத்ததுதான் வாயில் வந்தது.

"நியெ போலி."

அவள் காதில் அது நீயே போலி என்று விழுந்திருக்கிறது. போளியைக் கீழே வைத்தாள்.

"நானா போலி?" என்றாள். "நல்லாப் பாத்துச் சொல்லுங்க."