புளிப்பு ஊற்றிய டிரம்

ஐந்து வருடமாக முவேவாவின் நெஞ்சில் ஒரு முள் குத்திக்கொண்டே இருந்தது. ஏரிக்கரை மருத்துவமனைக்குத் தண்ணீர் சுமப்பவன் அவன், உப்பு மூட்டை இறக்குபவன் அவன். குடிதண்ணீரில் கலக்கக் குளோரின் தயாரிக்கும் பொறியைத் தொட மட்டும் நர்ஸ் மும்பி விடமாட்டாள்.

"போய்யா, உன் கைக்குத் துடுப்புதான் லாயக்கு" என்பாள்.

மகன் பெயரால் ஊரே அவளைப் பானா சோலா, சோலாவின் அம்மா, என்றுதான் கூப்பிட்டது. மாவட்டத் தலைநகரில் மூன்று நாள் பயிற்சி. பொறியைப் பற்றி அவ்வளவுதான் அவள் படிப்பு. நீல டிரம்மில் உப்புத் தண்ணீர் கரைத்து, இரண்டு தகடுகளை இறக்கி மின்சாரம் விட்டால் நுரை கொதிக்கும். மாலைக்குள் குளோரின் தண்ணீர் தயார். படகுத்துறையில் குடத்துக்குக் குடம் அளந்து ஊற்றுவாள். நாற்றம் என்று எவளாவது முகம் சுளித்தால், "உன் புருஷன் வலை நாத்தத்தையே சகிச்சவ, இதுக்கா மூக்கப் பிடிக்கிற?" என்பாள்.

அந்த மழையில் காலரா வந்தது. மருத்துவமனையில் முப்பது பேர் படுத்துவிட்டார்கள். அரை டிரம் குளோரின் மிச்சம். தகடுகளில் வெள்ளைப் படிவு ஏறி, மின்சாரம் பாயவில்லை. கழுவ வினிகரும் தீர்ந்திருந்தது.

ஒரு குழந்தைக்குச் சலைன் ஏற்றிக்கொண்டே மும்பி கத்தினாள்: "முவேவா! கக்கூஸ் ஆசிட்ல தகட்டக் கழுவு. வெளிய, தனி வாளியில!"

முதல்முறையாக அவனுக்குப் பொறி கிடைத்தது. கழுவினான். மிஞ்சிய ஆசிட்டைக் கொட்ட மனம் வரவில்லை. அவன் வீட்டில் முன்கோயோ என்ற சோளப் பானத்தைப் புளிக்க வைக்கும் சுரைக்குடுக்கையை யாரும் அலசமாட்டார்கள். பழைய புளிப்புதான் புதியதைச் சீக்கிரம் பொங்க வைக்கும். இதுவும் சீக்கிரம் பொங்கட்டும் என்று உள்ளே பொறி அறைக்குப் போய், குளோரின் மிச்சமிருந்த டிரம்மில் வாளியைக் கவிழ்த்தான்.

ஆசிட் பட்டதும் குளோரினிலிருந்து மஞ்சள் பச்சையாய் நச்சுப் புகை எழும்பியது. தொண்டை எரிந்து அவன் சுருண்டான். மும்பி ஓடி வந்து சட்டையைப் பிடித்து அவனை வெளியே இழுத்துப் போட்டாள். சுவருக்கு அப்பால் நோயாளிகள் முப்பது பேர். மறுபடி உள்ளே போய், டிரம்மைப் பின்வாசல் வழியாக மழைக்குள் தள்ளிவிட்டு வந்தாள். அப்போதே உதடு நீலம் பாரித்திருந்தது.

அங்கே ஆக்சிஜன் கிடையாது. பலத்த காற்றில் அவளை மாவட்டத் தலைநகருக்குக் கொண்டுபோகப் படகும் இறங்கவில்லை. பொழுது சாயும்போது அவளுக்கு மூச்சு அரையரையாக வந்தது.

"பானா சோலா, பாவி நான்..."

"அழுது தொலைக்காத. காலையில இவங்களுக்குத் தண்ணி வேணும். டிரம்ம மூணு தரம் அலசு. உப்ப அளந்து போடு. வேற ஒண்ணும் சேக்காத..." இருமினாள். "போ, பொறியப் போடு."