மெல்பர்னிலிருந்து கோவில்பட்டிக்கு: 9,145 கிலோமீட்டரும் ஒரு முகூர்த்தமும்

பேச்சியம்மாளும் நானும் கோவில்பட்டியில் ஆறு வருஷம் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். அவள் கல்யாணத்தன்று நான் சென்னையில் வேலைக்கான நேர்காணலில் இருந்தேன். அவள் ஒரு வார்த்தை கோபமாகச் சொன்னதில்லை. ஆனால் அதன் பிறகு எந்த விசேஷத்துக்கும் என்னை அழைத்ததுமில்லை. போன ஆவணியில் அவள் மகளின் பத்திரிகை வாட்ஸ்அப்பில் வந்தது. கீழே ஒரே வரி: "முடிஞ்சா வா." மெல்பர்னில் பார்க்கும் நர்ஸ் வேலையில் லீவு சொல்லிவிட்டு அன்றே டிக்கெட் எடுத்தேன்.

மெல்பர்னிலிருந்து மதுரைக்கு நேர்க்கோட்டில் ஏறக்குறைய 8,700 கிலோமீட்டர். நேரடி விமானம் இல்லை. சிங்கப்பூர் வழியாக வந்தால் 9,050 ஆகும். மாலை நான்கு மணிக்குப் புறப்பட்டு ஏழே முக்கால் மணி நேரத்தில் சிங்கப்பூர். அங்கே ஒன்பது மணி இருபது நிமிடம் காத்திருப்பு. பிறகு மதுரைக்கு நான்கு மணி ஐந்து நிமிடம். காலை 8.40க்கு இறங்கினால் பத்தரை முதல் பதினொன்றரை முகூர்த்தத்துக்குப் போய்விடலாம் என்பது என் கணக்கு.

இரண்டாவது விமானம் இரண்டு மணி நேரம் தாமதம். மதுரையில் இறங்கியபோது 10.40. பெட்டியை எடுத்துக்கொண்டு டாக்ஸியில் ஏறும்போது 11.25. கோவில்பட்டிக்கு 95 கிலோமீட்டர், வாடகை 2,800 ரூபாய். பேச்சி போனை எடுக்கவில்லை.

ஓட்டுநர் சாத்தூர்க்காரர். கல்யாணத்துக்குப் போகிறேன் என்றதும், "முகூர்த்தம் எத்தனை மணிக்கு அக்கா?" என்றார். சொன்னேன். கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "தாலி கட்டுறதுக்குள்ள போய்ச் சேர முடியாது. பந்திக்குக் கொண்டு விட்டுருதேன்," என்றார்.

சாத்தூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் உழுது போட்ட கரிசல், விதைப்புக்குக் காத்துக் கிடந்தது. மழை பெய்த நாட்களில் அந்த மண் சைக்கிள் சக்கரத்தை அப்பிக்கொள்ளும். பேச்சி இறங்கிக் குச்சியால் வழித்துவிடுவாள், நான் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு பாடம் ஒப்பிப்பேன். கண்ணாடியை இறக்கிவிட்டு, வெயிலோடு அந்த மண்ணின் வாசனையை வாங்கிக்கொண்டே வந்தேன்.

மண்டபத்தை அடைந்தபோது மணி ஒன்று. மணமேடையில் யாருமில்லை. பந்தி வாசலில் நின்ற பேச்சி என்னைப் பார்த்தாள்.

"ஏட்டி, இப்பதான் வாரியா?"

"பிளேன் லேட்டாயிருச்சு பேச்சி. இந்தத் தடவையும் தாலி கட்டும்போது இல்லாமப் போயிட்டேன்."

அவள் என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். கடைசி வரிசையில் உட்கார்ந்த பிறகுதான் பேசினாள். "என் கல்யாணத்துல எனக்குப் பக்கத்துல உனக்கு ஒரு இலை போடச் சொன்னேன். சாம்பார் ஊத்துற வரைக்கும் வாசலையே பார்த்துக்கிட்டு இருந்தேன். பொறவு இலையை எடுத்துட்டாவ."

இருபத்து நான்கு வருஷமாக எனக்கு இது தெரியாது.

"கோவம் இன்னும் இருக்கு, பார்த்துக்க," என்றாள். "எப்பட்டி திரும்புத?"

"நாலு நாள்ல."

"இவ்வளவு தூரம் வந்துட்டு நாலு நாளா?"

இலையைப் பார்த்தபடி சோற்றைப் பிசைந்தாள்.

இதே வழியில் வருகிறவர்களுக்கு இரண்டு விஷயம். விசேஷத்துக்கு வருவதாக இருந்தால் ஒரு நாள் முன்னதாகவே மதுரையில் இறங்கிவிடுங்கள். திரும்பும் தேதியை மாற்றக்கூடிய டிக்கெட்டாக எடுங்கள். விலை கொஞ்சம் கூடத்தான் இருக்கும். நான் கைகழுவும் இடத்தில் நின்றே தேதியை மாற்றினேன். பதினோரு நாள் பேச்சி வீட்டில் இருந்தேன்.