மாடிப்படிப் படத்துக்கே முதலிடம்

வீடியோ கேசட்டை வாடகைக்கு விடுகிறவனுக்கு, ஊரில் யார் எந்தப் படத்தை எந்த இடத்தில் நிறுத்தினார்கள் என்பது கேட்காமலே தெரிந்துவிடும். டேப்பை ஆரம்பத்துக்குச் சுற்றி வைத்துத் திருப்பித் தாருங்கள் என்று சுவரில் எழுதிப் போட்டால் யார் கேட்கிறார்கள்? கடை வைத்து நொந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எண்பதுகளின் நடுவில் பம்பாய் வேலையை விட்டு ஊர் திரும்பி, பழவங்காடியில் மைத்துனன் சேஷுவோடு கூட்டாகக் கடை திறந்தவன் நான்.

சுவரில் ஒரு பட்டியல்

எனக்கு ஒரு மர்மப்பட இயக்குநர்மேல் இருபது வருடப் பித்து. பெயரைச் சொன்னால் உங்களில் பாதிப் பேர் சண்டைக்கு வருவீர்கள். 'அவர்' என்றே இருக்கட்டும். கடையில் அவருடைய படங்கள் ஏழு இருந்தன. ஏழையும் மறுபடி பார்த்து, வரிசைப்படுத்தி, பள்ளியில் படித்த தமிழ், மலையாளம் இரண்டிலும் எழுதிக் கடைச் சுவரில் ஒட்டினேன். பூட்டிய மாடியில் யாரோ நடக்கிற படத்துக்கு முதலிடம். ஆங்கிலப் பெயர் யார் வாயிலும் நுழையாததால் எல்லோருக்கும் அது 'மாடிப்படிப் படம்'. வக்கீல் பொய் சொல்லும் படம் இரண்டாவது; இரண்டாம் தடவை பார்க்கும்போது வக்கீலின் மீசையும் பொய் என்று தெரிந்துவிடுகிறது, அதனால் ஒரு படி இறக்கினேன். படகில் பிணம் கிடக்கும் படம் நாலாவது.

செக்ரடேரியட் குமாஸ்தா கோபி நின்று நிதானமாகப் படித்துவிட்டு, பாராட்டும் ஆட்சேபமுமாகச் சொன்னார்: "கொள்ளாம் சாரே. பட்சே, நாலாவதுதான் ஒண்ணாவது வரணும். சார் பம்பாயில என்ன, ஜட்ஜியா இருந்தது?"

பதினோராவது படி

திரும்பி வரும் கேசட்டை டெக்கில் போட்டுச் சரிபார்ப்பது சேஷுவின் வேலை. ஒருநாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். திரையில் மாடிப்படி, பதினோராவது படியில், செருப்பில்லாத ஒரு கால். நாலு பேர் எடுத்துப்போய், நாலு பேரும் அங்கேயே நிறுத்தியிருந்தார்கள். பாதியில் அலுத்துப்போகிற படம் என்று தீர்மானித்துவிட்டான்.

எங்களுக்குக் கேசட் தரும் எர்ணாகுளத்துக்காரர் மாதம் ஒருமுறை வருவார். ஓடாததை வாங்கிக்கொண்டு வேறு தருவார். இதைக் கொடுத்து மாற்றலாம் என்றான் சேஷு. இருப்பது ஒரே பிரதி, போனால் இன்னொன்று கிடைக்காது. கொடுக்க மாட்டேன் என்றேன்.

"கடைசி வரைக்கும் ஒருத்தரும் பாக்காத படத்துக்கு முதல் பரிசா, அத்திம்பேர்?"

கரண்ட் போன கதை

அந்த மாதம் பிடிவாதம் பிடித்துக் கேசட்டைக் காப்பாற்றினேன். அடுத்த மாதத்துக்குள் காரணம் கண்டுபிடித்தாக வேண்டும். எடுத்துப்போனவர்களை ஒவ்வொருவராக மடக்கினேன். கோபி வீட்டில் கரண்ட் போய்விட்டதாம். ஓட்டலில் தோசை மாஸ்டராயிருந்த திருநெல்வேலி முருகேசன், கூட வேலை பார்க்கும் ஐந்து பேரோடு பார்த்தவர். அவர்கள் அறையிலும் கரண்ட் போய்விட்டதாம். ஊரெல்லாம் பதினோராவது படியில் கரண்ட் போகுமா? மறுபடி கேசட்டை நீட்டி, மீதியைப் பாருங்கள் என்றேன். முருகேசன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"கதைய மட்டும் சொல்லுங்க அண்ணாச்சி, அந்தக் கால் இறங்கி வந்துச்சா? பயலுவ ஆறு நாளா மாடிக்குப் படுக்கப் போக மாட்டேங்கானுவ."

கரமனை மாமியின் சாட்சியம்

சேஷுவுக்கு முருகேசன் ஒருவரின் பயம் சாட்சியாகப் போதவில்லை. எர்ணாகுளத்துக்காரர் வந்த காலையில் கேசட்டை எடுத்து மேஜையில் வைத்துவிட்டான். நான் அதன்மேல் கையை வைத்தேன். அவனும் விடவில்லை, நானும் விடவில்லை. எர்ணாகுளத்துக்காரர் டீ குடித்தபடி எங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது கரமனையிலிருந்து பஸ்ஸில் ராஜம் மாமி வந்து இறங்கினார். மாமாவுக்கு வெளியூரில் உத்தியோகம்; மாமி வீட்டில் தனி. அந்தக் கேசட்டை ஏற்கெனவே இரண்டு தடவை எடுத்துப்போய், இரண்டு தடவையும் பாதியில் நிறுத்தித் தந்தவர். இன்றைக்குப் பகலிலேயே பார்த்து முடித்துவிடுகிறேன், மாடிப்படிப் படத்தைக் கொடுங்கள் என்றார். அலுப்புத் தட்டுகிற படம் எதற்கு மாமி என்று சேஷு கேட்டான்.

"அலுப்பா? அந்தக் காலைப் பாத்ததும் டி.வி.யை அணைச்சேன். அணைச்சப்புறமும் மாடியில நடக்கற சத்தம் கேட்டுது. எங்காத்துக்கு மாடியே கிடையாது."

சேஷு கையை எடுத்தான், பட்டியலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. மாமி மூன்றாம் தடவையும் அதே படியில் நிறுத்தித் தந்ததால், முதலிடம் பெற்ற படத்தின் கடைசி அரைமணி நேரத்தை எங்கள் வட்டாரத்தில் பார்த்தவன் இன்றுவரை நான் ஒருவன்தான், அதுவும் பட்டப்பகலில், கடைக் கதவை விரியத் திறந்து வைத்துக்கொண்டு.