மஞ்சள் துணி கட்டிய புங்கங்கன்று

மலையைக் காப்பாற்றும் எண்ணத்தில் நான் மலைக்குப் போகவில்லை. ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். தனியாக விட்டால் என் கால் டீக்கடை வரைக்கும்தான் போகும் என்பது மனைவிக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் மலையடிவாரத்தில் மரக்கன்று நடப் போகும் கூட்டத்தில் என்னைச் சேர்த்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதுபோலத் தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் கொடுத்து அனுப்பினாள்.

இரண்டாயிரத்தை ஒட்டிய வருஷங்கள் அவை. நான் திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் கோப்புகளை மேசைக்கு மேசை நகர்த்திக்கொண்டிருந்தேன். கூட்டம் என்று சொன்னேனே தவிர, தவறாமல் வந்தவர்கள் மூன்றே பேர்: நான், கல்லூரியில் கணக்கு நடத்தும் ஒரு பேராசிரியர், தேரடிப் பக்கம் தையல் கடை வைத்திருந்த பாய். பேராசிரியர் கடவுள் இல்லை என்பதை ஒரு பக்கத்தில் நிரூபித்துவிடுவார். ஆனாலும் மலையில் செருப்புப் போட மாட்டார். மண் காலில் படுவது உடம்புக்கு நல்லதாம்.

அடி அண்ணாமலையைத் தாண்டியதும் கிரிவலப் பாதையிலிருந்து மலைப்பக்கம் பிரியும் ஒற்றையடிப் பாதையின் ஓரம் எங்கள் பொறுப்பு. வனத்துறை அனுமதித்திருந்தது. மழைக்காலத்தில் நடுவோம், தை பிறந்ததும் புல் அறுப்போம். அங்கே வளர்வது ஆள் உயரப் புல். கசக்கினால் எலுமிச்சை வாசம் வரும். காய்ந்துவிட்டால் அணையாத ஒரு பீடித்துண்டு போதும். கன்றுகளைச் சுற்றி அறுத்து வெறுந்தரையாக்கினால் நெருப்பு வந்தாலும் தாண்டாது.

கன்றுகள் எல்லாம் பாய் வளர்த்தவை. கடைக்குப் பின்னால் காலி பால் கவர்களில் மண் நிரப்பி, புங்கன் விதை ஊன்றி, முழ உயரம் வரும்வரை பார்த்துக்கொள்வார். நட்டதெல்லாம் முந்தைய கோடையில் ஒரே மத்தியானத்தில் எரிந்துபோயிருந்தது. அன்றைக்குப் பாய் ஒவ்வொரு கரிக்குச்சியாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனார். அடுத்த நாள் கடை திறக்கவில்லை. காய்ச்சல் என்றார். நாங்களும் காய்ச்சல் என்றே வைத்துக்கொண்டோம்.

நான் புல் அறுத்தால் புல் நிற்கும், கன்று சாயும்.

"சார், அது புல்லு இல்ல சார், புங்கன்."

"ரெண்டும் பச்சையாத்தானே பாய் இருக்கு?"

"நல்லவேளை, நீங்க டெய்லரா வரல. துணியோட சேத்து ஆளையும் வெட்டியிருப்பீங்க."

எனக்காகவே அடுத்த வாரம் ஒவ்வொரு கன்றின் பக்கத்திலும் ஒரு குச்சி நட்டார். வரிசை எங்கே ஆரம்பிக்கிறது என்று தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று முதல் குச்சியில் ஒரு துண்டுத் துணி கட்டினார். கடையில் கழிவாகக் கிடந்தது அது. நல்ல மஞ்சள்.

திருவண்ணாமலையில் குச்சி நட்டு மஞ்சள் துணி கட்டினால் என்ன ஆகும் என்று மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மாசிப் பௌர்ணமி முடிந்த ஞாயிறு போனோம். முதல் கன்றின் அடியில் குங்குமம், பாதி எலுமிச்சம்பழம், ஒரு முழம் கதம்பம். கற்பூரம் கொளுத்திய கருப்பு வட்டமும் இருந்தது. அந்தப் பக்கத்து இலைகள் சுருண்டிருந்தன. எங்கள் வெறுந்தரையைத் தாண்டிய புல்லில் ஒரு தீக்குச்சி கிடந்தது. பாய் அதைக் குனிந்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"மூடநம்பிக்கை," என்றார் பேராசிரியர்.

"துணிய அவுத்துட்டா சரியாப் போச்சு. நீங்களே அவுங்க சார்," என்றேன்.

"எனக்குத் தோள்ல வலி."

"எனக்கு, பொண்ணுக்கு அடுத்த வாரம் பரீட்சை."

பரீட்சைக்கும் துணிக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் கேட்கவில்லை. நானும் தோளைப் பற்றி விசாரிக்கவில்லை.

"நான் கட்டினதுதானே, நானே அவுத்துடறேன்," என்று பாய் கையை நீட்டினார். பேராசிரியர் சட்டென்று அவர் கையைப் பிடித்தார். தோள் வலித்ததாகத் தெரியவில்லை.

"வேணாம் பாய். குங்குமம் வச்ச துணி. நீங்க அவுக்கறத யாராவது பாத்தா வேற மாதிரி பேசுவாங்க."

பாய் கையை இழுத்துக்கொண்டார். "எங்க தாத்தா காலத்துலருந்து இந்த ஊர்லதான் சார் இருக்கோம்," என்றார். குரலில் கோபம் இல்லாததுதான் சங்கடமாக இருந்தது.

துணியை விட்டால் அடுத்த பௌர்ணமிக்கு நெருப்பு. அவிழ்த்தால் பாய்க்கு ஊர்ப்பேச்சு. படித்த மண்டைகள் இரண்டு சேர்ந்து எடுத்த முடிவு, பங்குனிப் பௌர்ணமி சாயங்காலம் அங்கே போய் நிற்பது. நின்று என்ன செய்வது என்று முடிவெடுக்கவில்லை.

வெயில் தாழ்ந்ததும் கிரிவலக் கூட்டம் வர ஆரம்பித்தது. முதலில் எங்கள் பாதையில் திரும்பியவர் கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து சொந்தபந்தங்களோடு வந்திருந்த ஒரு அம்மா. கையில் கற்பூரப் பொட்டலம், தீப்பெட்டி.

"இது என்ன சாமிங்க?"

கடவுள் இல்லை என்று சொல்ல வாழ்நாளில் கிடைத்த நல்ல சந்தர்ப்பம். பேராசிரியர் மலை உச்சியைப் பார்த்தார். நான் மூக்கில் இருந்த கண்ணாடியைச் சட்டைப்பையில் தேடினேன்.

"சாமி இல்லம்மா, புங்கங்கன்னு," என்றார் பாய். "புல்லு அறுக்கறப்போ தெரியணும்னு நான்தான் துணி கட்டினேன்."

அந்த அம்மா அவருடைய வெள்ளைத் தொப்பியைப் பார்த்தார், தாடியைப் பார்த்தார், துணியைப் பார்த்தார்.

"நீங்க கட்டினதா?"

"ஆமாம்மா. தீப்பெட்டி மட்டும் வேணாம்மா. போன வருசம் இங்க வச்சதெல்லாம் எரிஞ்சிடுச்சு." சட்டைப்பையிலிருந்து அந்தத் தீக்குச்சியை எடுத்துக் காட்டினார்.

"வேண்டிக்கினு வந்துட்டனே. வெறுங்கையோட எப்டிங்க போறது?"

பாய் அந்த அம்மாவின் இடுப்பில் இருந்த பாட்டிலைப் பார்த்தார். "அதுல இருக்கற தண்ணிய ஊத்துங்கம்மா. இது கேக்கறது அதைத்தான்."

அவர் ஊற்றினார். தண்ணீர் விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. மண் அப்படிக் காய்ந்திருந்தது.

"கம்மியா இருக்குதே," என்று பாதைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "ஏய், தண்ணி வச்சிருக்கறவளுங்க எல்லாம் இங்க வாங்கடி!" பிறகு குனிந்து சுருண்ட இலையைத் தொட்டுப் பார்த்தார். "எந்தப் புண்ணியவான் இங்க கற்பூரம் கொளுத்தினது? அறிவு வேணாம்?" தன் பொட்டலத்தை அதற்குள் முந்தானையில் முடிந்துவிட்டிருந்தார்.

அன்றைக்கு இருட்டும்வரை அவர் நகரவில்லை. தீப்பெட்டியோடு வந்தவர்களை எல்லாம் அவரே பார்த்துக்கொண்டார். எங்களுக்கு வேலையே இல்லை. யாரோ தொன்னையில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். பிரசாதத்தை மறுக்கக்கூடாது என்று நான் சாப்பிட்டேன். மறுநாள் மனைவி கேட்டபோது நடந்ததைப் பற்றி மட்டும் விரிவாகச் சொன்னேன்.

அந்தக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றினால் நல்லது என்ற பேச்சு சித்திரைப் பௌர்ணமிக்குள் எப்படியோ பரவிவிட்டது. அதில் புதுத் தொல்லை. முதல் கன்று சேற்றில் நின்றது; மேலே இருந்தவை வாடின. பௌர்ணமியன்று கீழ்பென்னாத்தூர் அம்மா திரும்ப வந்திருந்தார். பாய் தயங்கித் தயங்கி அவரிடம் போனார்.

"இந்தத் துணிய அடுத்த கன்னுக்கு மாத்திக் கட்டினா தேவலைம்மா. இதுக்குத் தண்ணி ஜாஸ்தி ஆயிடுச்சு."

"நீங்க கட்டினதுதானே? அவுத்து மாத்திக் கட்டுங்க. இதுக்குப் போயி என்னைக் கேக்கறீங்க?"

தண்ணீரோடு வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்க்க, பாய் முடிச்சை அவிழ்த்தார். தையல்காரர் விரல்கள், அன்றைக்கு மட்டும் கொஞ்சம் நேரம் எடுத்தன. பேராசிரியர் ஓடிப்போய் அடுத்த குச்சியை ஆடாமல் பிடித்துக்கொண்டார். பாய் முடிச்சுப் போட்டு முடிப்பதற்குள் அந்த அம்மா அதற்குக் குங்குமம் வைத்துவிட்டார்.

அந்தக் கோடையில் சில கன்றுகள் காய்ந்தன, எதுவும் எரியவில்லை. அடுத்து வந்த பௌர்ணமிகளில் பாய் தலை தெரிந்ததுமே வரிசையில் யாராவது குரல் கொடுப்பார்கள்:

"பாய், இன்னிக்கு எந்தக் கன்னுக்கு?"