ஆளில்லாத கடல்

இயற்கைக் காட்சிகளைப் படமெடுக்கக் கற்றுத்தரும் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்துவிட்டேன் என்றதும் என் மனைவி, "கடலைப் போட்டோ எடுக்க ஒரு கிளாஸா? அது என்ன ஓடியா போகப் போகுது?" என்றாள். சிட்லபாக்கம் ஏரியை எங்கள் மொட்டைமாடியிலிருந்து நான் எடுத்த படங்களைப் பார்த்தவள் அவள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

பயிற்சியாளர் குரோம்பேட்டைக்காரர். கோட்டில் பதினான்கு பாக்கெட். தேடுகிற பொருள் மட்டும் எதிலும் இருக்காது. 'சவாலான கடற்கரை' என்று அவர் எங்களை அழைத்துப்போனது கோவளம் பக்கத்து மீனவக் குப்பம் ஒன்றுக்கு. பன்னிரண்டு பேரும் தாம்பரத்தில் வேன் ஏறும்போதே முட்டிவரை பூட்ஸ் மாட்டிக்கொண்டோம். அங்கே மீன் வாங்க வந்தவர்கள் ரப்பர் செருப்பில் நின்றிருந்தார்கள்.

அவருக்கு ஒரே சட்டம்தான்: படத்தில் மனித வாடையே கூடாது. முதல் வாரம் என் படத்தின் ஓரத்தில் யாருடைய லுங்கியோ விழுந்துவிட்டது. அதைத் திரையில் பெரிதாக்கி, "சார், இது சீனரியா, ஜவுளிக்கடை விளம்பரமா?" என்றார். பதினொரு பேரும் சிரித்தார்கள். ஐம்பது வயதில் எனக்கு வந்ததே ஆத்திரம்! அடுத்த வாரம் அந்த மனுஷன் வாயை அடைக்காமல் வீடு திரும்புவதில்லை என்று வைராக்கியம் வைத்தேன்.

அதற்கு வழியையும் அவரே சொல்லித் தந்திருந்தார். லென்ஸ் முன்னால் கறுப்புக் கண்ணாடி மாட்டி, ஷட்டரை இரண்டு நிமிடம் திறந்துவைத்தால் அலையெல்லாம் பாலாகப் படிந்துவிடும். நகர்கிற எதுவும் படத்தில் தங்காது. விடிகிற நேரத்தில் ஈரமணலில் நல்ல இடமாகப் பார்த்து ஸ்டாண்டை ஊன்றினேன். நல்ல இடம்தான், படகுகள் கரையேறுகிற இடம்.

பொத்தானை அழுத்திவிட்டு நொடிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். கூடையைக் கீழே போட்டுவிட்டு ஓர் அக்கா ஓடிவந்தார்.

"சார், நவுரு சார்! போட்டு வருது!"

"ஒரு நிமிஷம்மா."

"அலைமேல ஏறிட்டா அது நிக்காது சார்! என் வூட்டுக்காரரு அதுல கீறாரு! நவுரு!"

கேமராவுக்கு முன்னால் கைகளை ஆட்டிக்கொண்டு இங்கும் அங்கும் ஓடினார். என் கவலை என்ன தெரியுமா? எங்கே படத்தில் விழுந்து தொலைப்பாரோ என்பதுதான். சீ, நானெல்லாம் ஒரு மனுஷன்! தொண்ணூறு, தொண்ணூற்றொன்று என்று எண்ணிக்கொண்டே நின்றேன்.

படகு அலையேறி வந்தது. ஓட்டியவர் என்னைப் பார்த்துவிட்டுக் கடைசி நேரத்தில் திருப்பினார். குறுக்கே திரும்பிய படகை அடுத்த அலை புரட்டிப்போட்டது. குப்பமே தண்ணீருக்குள் ஓடியது. படகிலிருந்த மூன்று பேரும் எழுந்து வந்தார்கள். அக்காவின் கணவருக்குத் தோள்பட்டை இறங்கிக் கை தொங்கியது. பிடித்த மீனெல்லாம் கடலோடு போயிற்று.

அவரை ஆட்டோவில் ஏற்றினார்கள். மன்னிப்புக் கேட்க அக்காவிடம் போனேன். நாலு அறை விட்டிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் கத்தக்கூட இல்லை.

"அப்டி இன்னாதான் எட்த்த? காட்டு."

காட்டினேன். பால்போலக் கடல், மேலே வெளிர்வானம். எனக்குப் பின்னாலிருந்து எட்டிப்பார்த்த பயிற்சியாளர், "சூப்பர் சார்! ஒரு ஆள் இல்ல!" என்று முதுகில் தட்டினார்.

அக்கா கண்ணை இடுக்கிக்கொண்டு அந்தச் சின்னத் திரையை மூலைமூலையாகத் தேடினார்.

"இங்கதான நின்னு கத்தினேன்? எங்க சார் நானு?"