சாகத் தெரிந்தவள்

சினிமாவில் சாவது யாராலும் முடியும். செத்த பிறகு செத்தபடியே கிடப்பதுதான் கஷ்டம். பெரிய பெரிய நடிகர்களே குத்துப்பட்டு விழுந்த பின் மூக்கில் ஈ உட்கார்ந்தால் முகத்தைச் சுளித்துவிடுவார்கள். அவள் சுளிக்க மாட்டாள். எறும்பு காதுக்குள் குடித்தனம் நடத்தினாலும் 'கட்' என்ற சத்தம் கேட்கும்வரை அசைய மாட்டாள். படப்பிடிப்பில் அவளுக்குப் பெயரே 'பொணத்தக்கா'தான். முகத்துக்கு நேரே அப்படித்தான் கூப்பிடுவார்கள்; அவளும் "என்னப்பா?" என்று திரும்பிப் பார்ப்பாள்.

துணிமணிப் பிரிவில் ஊசியும் நூலுமாக இருந்தவள் அவள். ஒரு நாள் பிணமாகக் கிடக்க வேண்டிய பெண் வரவில்லை. "நீ கொஞ்சம் படும்மா" என்றார்கள், படுத்தாள். அவள் கிடந்த கிடையைப் பார்த்து ஒளிப்பதிவாளரே அவள் மூக்கில் விரல் வைத்துப் பார்த்துவிட்டார். அதன் பிறகு அவளை யாரும் பித்தான் தைக்கக் கூப்பிடவில்லை.

படுப்பதில் என்ன வித்தை என்று கேட்பவர்கள் ஒரு தடவை படுத்துப் பார்க்க வேண்டும். மூச்சை அடக்கினால் அது கடைசியில் குபுக்கென்று வந்து காட்டிக்கொடுத்துவிடும். அவள் அடக்காமல், மார்பு எழும்பாதபடி முதுகுப்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவாள். வயிறு கடமுடா என்றால் ஒலிப்பதிவாளர் கத்துவார் என்பதால் வேலை நாளில் அரை வயிறுதான். எல்லாவற்றுக்கும் மேலே அவள் கண். திறந்த கண்ணை இமைக்காமல், எதையும் பார்க்காமல் வைத்திருப்பாள். அந்தக் கண்ணுக்காகவே இயக்குநர்கள் அவளைத் தேடி வந்தார்கள். யானைக்கும் அடி சறுக்கும் என்பதற்கு ஒரே சாட்சி, ஒரு பிணவறைக் காட்சியில் அசதியில் கண்ணயர்ந்து அவள் விட்ட குறட்டை. அதைச் சொல்லிச் சொல்லி அவளே சிரிப்பாள்.

அவள் புருஷன் ஃபிரிட்ஜ் மெக்கானிக். "ஐஸ் பெட்டி ரிப்பேர் பண்றவனுக்கு, பெட்டியில வைக்கிற மாதிரியே பொண்டாட்டி வாய்ச்சிருக்கா பாரு" என்பான். மகளுக்கு வேறு கவலை. "அம்மா, ஹால்ல கண்ணைத் தெறந்து வச்சுக்கிட்டு பிராக்டீஸ் பண்ணாத. என் ஃபிரண்ட்ஸ் வராங்க!"

இனி அப்போது ஊரையே உலுக்கிய நெடுஞ்சாலைக் கொலைகளுக்கு வருவோம். சாலையோரம் நின்று லிஃப்ட் கேட்டவர்களை ஒருவன் இனிக்க இனிக்கப் பேசி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். ஏறியவர்கள் வீடு போய்ச் சேரவில்லை. ஒருவர் இருவர் அல்ல. கடைசியில் அவன் பிடிபட்டு ஜெயிலுக்குப் போனான். சினிமாக்காரர்களுக்கு வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆயிற்று. ஒன்றன்பின் ஒன்றாக மூன்று திகில் படங்கள். கொன்றவனுக்குப் போஸ்டரில் ஆளுயர முகம். செத்தவர்களுக்குப் பெயர்கூட இல்லை. என்ன நியாயமோ! மூன்றிலும் கண்ணைத் திறந்தபடி செத்துக் கிடந்தவள் நம் பொணத்தக்காதான். வேலை வேலைதானே என்று படுத்தாள்.

நாலாவது படத்தில் கடைசியாகச் செத்த பெண்ணின் கதை. நர்ஸ் படிப்புப் படித்துக்கொண்டிருந்தவள், லீவுக்கு வீட்டுக்குக் கிளம்பியவள், பஸ்ஸைத் தவறவிட்டவள். மெலிந்த உடம்பும் நல்ல மேக்கப்பும் இருந்ததால் நம்மவள் அந்த வயதுக்கு இறங்கிவிட்டாள். காலை நேரம், மேகமூட்டம். சாலையோரப் பள்ளத்தில் கேமரா வைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் பிளாஸ்டிக் நாற்காலியில், உதட்டுச் சாயம் கலையாமல் டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

வேடிக்கை பார்ப்பவர்களைத் தடுக்கக் கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே குடையோடு ஒருவர் நின்றிருந்தார்.

"ஏம்மா, நீதான் அந்தப் பொண்ணா படுக்கப் போறியா?"

"ஆமாங்கய்யா. ஷூட்டிங் பாக்க வந்தீங்களா?"

"நான் அவ அப்பா."

அவள் டீயைக் கீழே வைத்தாள். "ஐயா, ஏதாவது கேக்கணும்னா டைரக்டர் அங்க இருக்காரு. தாராளமா கேளுங்க. நாலு வார்த்தை நறுக்குன்னு கேளுங்க."

"சண்டைக்கு வரலம்மா. ஸ்கூல் வேன் ஓட்டறவன் நான், இன்னைக்கு லீவு போட்டுட்டு வந்தேன். அன்னைக்கு என்னை அவ மொகத்தைப் பாக்க விடல. மூடித்தான் குடுத்தாங்க. பாக்காம இருக்கறதே நல்லதுன்னாங்க. அப்புறம் இந்தப் படமெல்லாம் வந்துச்சா, போய்ப் பாத்தேன். அதுல வர்ற கண்ணுதாம்மா தெனம் கனவுல வருது. இங்க இப்ப எடுக்கறது எம்பொண்ணு கதைதான்னு சொன்னாங்க. எப்படிக் கெடந்தான்னு ஒரு தடவை பாத்துட்டுப் போயிடறேன்." கொஞ்சம் தயங்கினார். "கண்ணு தெறந்துதான் இருக்குமா?"

அவர் கனவில் வரும் கண் தன்னுடையது என்று அவள் எப்படிச் சொல்வாள்? இன்று அவர் பார்க்கப்போவதுதான் இனி ஆயுசுக்கும் அவர் மகளின் கடைசி முகம். அது தன் முகத்தில் இருக்கிறது. "இங்கயே நில்லுங்கய்யா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பள்ளத்தில் இறங்கினாள்.

படுத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"அக்கா, கண்ணு!" என்று இயக்குநர் கத்தினார்.

"எரியுது தம்பி."

தண்ணீர் கொடுத்தார்கள், துடைத்துவிட்டார்கள், மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் மூடிய கண். அடுத்த தடவையும் அதேதான். இயக்குநர் பள்ளத்துக்குள்ளேயே இறங்கி வந்துவிட்டார்.

"அக்கா, உங்களைக் கூப்பிட்டதே அந்தக் கண்ணுக்குத்தான். விளையாடாதீங்க."

"இந்தப் பொண்ணு கண்ணை மூடித்தான் தம்பி கெடப்பா. வேணும்னா வேற ஆளைப் பாத்துக்க."

சொல்லிவிட்டாள். இத்தனை வருஷத்தில் வேண்டுமென்று ஒரு ஷாட்டைக் கெடுக்காதவள். இந்தத் தொழிலில் ஒருத்தரிடம் முரண்டு பிடித்தால் ஊருக்கே தெரிந்துவிடும் என்பதும், திரும்ப ஊசி நூலைத் தேட வேண்டியிருக்கலாம் என்பதும் அவளுக்கு நன்றாகவே தெரியும். அந்தத் துணிச்சல் எனக்கு வந்திருக்குமா என்றால், சத்தியமாக வந்திருக்காது.

"பிரேக்!" என்று இயக்குநர் கத்திவிட்டுப் போனார். விளக்கை அணைத்தார்கள், ஆட்கள் கலைந்தார்கள். அவள் மட்டும் எழுந்திருக்கவில்லை. ஈரச் சரளையில் செருப்புச் சத்தம் இறங்கி வருவது கேட்டது. அந்தப் பெண்ணின் அப்பாதான்; யாரும் அவரைத் தடுக்கவில்லை.

கேமரா இல்லாமல் ஒருவருக்காக அவள் பிணமாகக் கிடந்தது அன்றுதான். மூச்சை என்றுமில்லாத அளவுக்கு மெல்ல விட்டாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் நெற்றியில் ஒட்டியிருந்த புல்லை எடுத்துப் போட்டார்.

"தூங்கற மாதிரிதானே இருக்க" என்றார். சத்தம் போடாமல் அழுதார். அவள் இமையை இறுக்காமல் அப்படியே கிடந்தாள்.

தூறல் விழுந்தது. முதல் சொட்டு அவள் கன்னத்தில் பட்டது. அடுத்தது படவில்லை. அவர் குடையை விரித்துவிட்டார் போலிருந்தது.

"எந்திரிம்மா" என்றார் அவர். "மழை வருது பாரு. ஈரத்துல கெடக்காத. எந்திரி."

அவள் கண்ணைத் திறந்தாள். "சரிப்பா" என்று சொல்லி, அவர் நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.