ஏழாவது லோம்விக்கின் கையெழுத்து

சித்தப்பா பெயர் மாற்றியதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. அப்போது எனக்கு ஒன்பது வயது.

அவர் இருந்தது நோர்வேயின் வடக்குக் கரையில். மீன் தொழிற்சாலையில் வேலை. போன புதிதில் ஒரு வீட்டின் மேலறையை வாடகைக்கு எடுத்தார். பதினான்கு வருடம் அங்கேயே இருந்துவிட்டார். வீட்டுக்கார அம்மாவுக்குப் பிள்ளைகள் இல்லை. கடைசிக் காலத்தில் கஞ்சி பருக்கியதும் சித்தப்பாதான். அவ வீட்டை அவருக்கு எழுதி வைத்தா. பெயரையும் சேர்த்து எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டுச் செத்துப்போனா. பெயர் லோம்விக்.

வீடு சுலபமாக வந்தது. பெயர் வரவில்லை. அது அரிய பெயர். அந்த நாட்டில் அரிய பெயருக்குக் காவல் உண்டு. அதை வைத்திருக்கிற அத்தனை பேரும் சம்மதம் எழுதித் தந்தால்தான் புதிதாக ஒருவர் எடுக்கலாம். மொத்தம் ஏழு பேர் மிஞ்சியிருந்தார்கள். ஆறு பேர் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஏழாவது ஆளுக்கு மூன்று கடிதம் போட்டும் பதில் இல்லை. அவர் இருந்தது கனடாவில், மொன்றியலில். நாங்களும் அதே நகரத்தில், லாசால் பகுதியில் இருந்தோம். சித்தப்பா அப்பாவுக்குப் போன் எடுத்தார்.

"அண்ணை, ஒருக்கா நேர போய்க் கேளுங்கோ."

அப்பா கேட்டார்.

"அப்ப ஐயாவின்ர பேரை எங்க விடப்போறாய்?"

ஐயா என்றது என் அப்பப்பாவை. அவர் பெயர் வல்லிபுரம். எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தகப்பன் பெயர்தான் கூட வரும். கனடாவுக்கு வந்தபோது படிவத்தில் குடும்பப் பெயர் கேட்ட கட்டத்தில் அப்பா தன் தகப்பன் பெயரை எழுதினார். அது அப்படியே இறுகிப்போய் என் தலையிலும் வந்து இருந்தது. அப்பப்பா ஊரில் இறந்தபோது இரண்டு மகன்மாரும் போக முடியவில்லை. ஒருவருக்கும் கையில் பாஸ்போர்ட் இல்லை. அயலவர்தான் கொள்ளி வைத்தார். இரண்டு பேரும் அவரிடமிருந்து கொண்டு வந்தது அந்தப் பெயர் ஒன்றைத்தான். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது.

சித்தப்பா சொன்ன பதில் எனக்கே கேட்டது. வெளிநாட்டுப் போனில் எங்கள் ஆட்கள் கத்தித்தான் கதைப்பார்கள்.

"ஐயாவின்ர பேர் உங்களிட்ட இருக்குத்தானே அண்ணை. இந்த மனிசிக்கு ஒருத்தரும் இல்லை."

அப்பா போனை வைத்துவிட்டுச் சோறு தின்னாமல் படுத்தார். ரொறொன்ரோ போன் புத்தகத்தில் பக்கம் பக்கமாக வல்லிபுரம் கிடக்குது, ஒன்று குறைந்தால் என்ன குறைந்துவிடும் என்று அம்மா கேட்டா. அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்கோ சந்தோஷம். பள்ளிக்கூடத்தில் மடாம் ஒவ்வொரு காலையும் என் பெயரில் தடுக்கி விழுவா. "வாலிபூ" வரை வந்து நிறுத்திவிடுவா. வகுப்பு சிரிக்கும். சித்தப்பாவுக்கு அந்தப் பெயர் கிடைத்தால் எங்களுக்கும் கிடைக்கும் என்று நான் நினைத்தேன். ஒரே குடும்பம்தானே. கொப்பியின் கடைசிப் பக்கத்தில் லோம்விக், லோம்விக் என்று எழுதிப் பழகினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த ஏழாவது ஆளிடம் போனோம். அப்பா கழுத்தில் ரை கட்டியிருந்தார். அம்மா ஐஸ்கிறீம் பெட்டியில் பயற்றம் பணியாரம் போட்டுத் தந்தா. அந்த மனிதர் டெப்பனர் என்கிற சின்னப் பலசரக்குக் கடை ஒன்றுக்கு மேல் மாடியில் இருந்தார். வெளியே வளைந்த இரும்புப் படி. படியில் ஐஸ். அப்பா ஒரு கையால் என்னையும் மறு கையால் பெட்டியையும் பிடித்தபடி ஏறினார். விழுந்தால் பிடிக்க அவருக்குக் கை மிஞ்சவில்லை.

கதவைத் திறந்தவர் கதவு நிலையின் உயரம் இருந்தார். கப்பலில் வேலை செய்து, ஒருநாள் இந்தத் துறைமுகத்தில் இறங்கி, திரும்பி ஏறாமல் விட்டவர். மூன்று கடிதமும் மேசையில் இருந்தன. பிரிக்கவில்லை. அவற்றின் மேல் கோப்பிக் கேத்தில். ஊரிலிருந்து கடிதம் வந்தால் யாரோ செத்துப்போனது என்று அர்த்தம், அதுதான் திறப்பதில்லை என்றார்.

அவர் பேசியது இங்கிலீஷ். நான் மொழிபெயர்த்தேன். கிளினிக், பள்ளிக்கூடம், கரண்ட் பில், எல்லா இடமும் அப்பாவுக்கு வாய் நான்தான். அங்கெல்லாம் பிரெஞ்சு. இங்கிலீஷ் எனக்கு ரிவி பார்த்து வந்தது. அது போதும் என்று நினைத்தேன்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரு பணியாரத்தைக் கடித்துக்கொண்டு, உன் சித்தப்பாவின் இப்போதைய பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். நான் அப்பாவைப் பார்த்தேன்.

"அது ஒரு இடத்தின்ர பேர். மணல் காட்டுக்குள்ள ஒரு பெருமாள் கோயில். அந்தச் சாமிக்கு நேர்த்தி வைச்சுப் பெத்த பிள்ளை எண்டு சொல்லு."

மணல், கடவுள், இடம் என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். தன் பெயரும் இடம்தான் என்றார். அந்தக் காலத்தில் பெயர் ஆளுக்கு இல்லை, காணிக்குத்தானாம். யார் அந்தக் காணியில் இருந்தாலும் லோம்விக். வேறு காணிக்குப் போனால் அந்தக் காணியின் பெயர். விக் என்றால் கடல் உள்ளே வளைகிற குடா. லோம் என்றால் என்ன என்று நான் கேட்டேன். அவர் காற்சட்டைப் பையில் கை விட்டு ஒரு டொலர் நாணயத்தை எடுத்துக் காட்டினார். அதில் தண்ணீரில் மிதக்கிற பறவை. அதுதான் லோம். இந்த நாட்டில் இறங்கிய புதிதில் ஒருவரையும் தெரியாது, பிறகு ஒருநாள் அரசாங்கம் என் பெயரைக் காசில் அடித்துத் தந்தது என்று சொல்லிச் சிரித்தார். நாணயத்தை எனக்கே தந்தார்.

பிறகு கடிதத்தைத் திறந்து தாளை எடுத்தார். பேனை எடுக்கவில்லை. யோசித்தார். அப்பா அப்போது மெதுவாகச் சொன்னார்.

"விருப்பமில்லாட்டி விடச் சொல்லு, பிள்ளை. நாங்கள் ஒண்டும் நினைக்கமாட்டம். தம்பிக்கு நான் சொல்லுவன்."

நான் அதைச் சொல்லவில்லை. அப்பாவுக்கு இதில் நல்ல விருப்பம், கெதியாகக் கையெழுத்து வைக்கட்டாம், பிறகு நாங்களும் அந்தப் பெயரை எடுப்போம் என்று இங்கிலீஷில் சொன்னேன்.

மனிதர் அப்பாவைப் பார்த்தார். அப்பா கோப்பிக் கோப்பையைப் பார்த்தார். நெஞ்சு அடித்தது எனக்கு மட்டும்தான் என்று நினைத்தேன்.

அந்த வீட்டில் இப்போது யார் அடுப்பு மூட்டுகிறது என்று அவர் கேட்டார். சித்தப்பா என்றேன். வாசலில் யார் பனி அள்ளுகிறது? சித்தப்பா. அப்படியானால் என்னைக் கேட்க என்ன இருக்கிறது என்று சொல்லிப் பேனையை எடுத்தார். அவருக்குக் கை நடுக்கம். மேசையில் பிளாஸ்ரிக் விரிப்பு. தாள் வழுக்கி வழுக்கிப் போனது. அப்பா எட்டி, அதன் மூலையை இரண்டு விரலால் அமத்திப் பிடித்தார். மனிதர் கையெழுத்து வைத்து முடியும்வரை எடுக்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அப்பா சொன்னார்.

"எங்களுக்கு அந்தப் பேர் வராது, பிள்ளை. அது சித்தப்பாவுக்கு மட்டும்தான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் என் தொப்பியைக் காது மறைய இழுத்துவிட்டார். வல்லிபுரத்துக்கு என்ன குறை என்று கேட்டார்.

சில மாதம் கழித்துச் சித்தப்பா போன் எடுத்தார். பெயர் வந்துவிட்டது. அப்பா, "ஆர், லோம்விக் துரையோ? சாப்பிட்டாச்சோ?" என்று கேட்டார். அங்கே சித்தப்பா சிரித்தது எங்கள் குசினி முழுக்கக் கேட்டது. அப்பா சிரிக்கவில்லை. ஆனால் அன்று சோறு தின்றார்.

எனக்குப் படிப்பு ஏறவில்லை. பத்தொன்பது வயதில் டோர்வல் விமான நிலையத்தடியில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற, அப்பா வேலை செய்த கிச்சினிலேயே வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாள். உள்ளே அப்பா சூப்பர்வைசரோடு நின்றார். எந்தப் பிளேனுக்கு எத்தனை சாப்பாட்டு ரே, எது பிந்தினது, பிழை யாருடையது என்று வாக்குவாதம். எல்லாம் இங்கிலீஷ். தடக்கமே இல்லை. நடுவில் ஒரு பகிடியும் விட்டார். சூப்பர்வைசர் சிரித்தார். அந்த வேலையில் அப்பாவுக்கு அப்போது இருபது வருடம். நாங்கள் அந்த மாடிக்குப் போனபோதே பத்து. அவருக்குத் தெரியாமல் இருந்தது பிரெஞ்சு மட்டும்தான்.

எங்களுக்கு அந்தப் பெயர் வராது என்று அன்று பஸ்ஸில் அவர் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்களும் அந்தப் பெயரை எடுப்போம் என்று நான் சொன்னது அந்த வீட்டில், இங்கிலீஷில். தமிழில் நான் அதை ஒருவரிடமும் சொன்னதில்லை.

நான் சொன்னது பொய் என்று சொல்ல அவருக்கு ஒரு சொல் போதும். அந்தச் சொல்லும் அவரிடம் இருந்தது. அவர் தாளைத்தான் பிடித்தார்.

அப்பா திரும்பி என்னைக் கண்டார். "தலைக்கு வலையைப் போடு, பிள்ளை" என்றார். போட்டுக்கொண்டு ரே அடுக்கப் போனேன்.